கீ போடாத சக்கரம்

கேட்டைப் போட்டுட்டான். ஒன்பது நாப்பதுக்கு ரயில் இருகூரையே தாண்டியிருக்காது, அதுக்குள்ள இவனுக்கு என்ன அவசரம். கம்பத்த எறக்கி விட்டுட்டு உள்ள போயி உக்காந்துக்குவான், ரோட்டுல நிக்கறவனெல்லாம் வேலவெட்டி இல்லாதவன்னு அவனுக்கு நெனப்பு. மினி பஸ்காரன் குறுக்க நிறுத்தி ஆள் ஏத்தாம இருந்திருந்தா நான் தாண்டியிருப்பேன். இப்பப் பாரு, முன்னால முப்பது நாப்பது பைக்கு, ஒரு காலேஜ் பஸ்சு, பின்னால ஒரு தண்ணி லாரி, நடுவுல நானும் என் மூணு சக்கர வண்டியும். இஞ்சின நிறுத்தல. நிறுத்துனா மறுபடி ஏழு உதை உதைக்கணும், இந்தக் கூட்டத்துக்கு முன்னால உதைச்சு வேடிக்கை காட்ட எனக்கு ஆசையில்ல. பின்னால என் பொண்டாட்டி ருக்குமணி உக்காந்திருக்கா. மடியில பித்தளைச் சொம்பு, காலடியில சீர்த்தட்டு. அவ தம்பி ஆறுச்சாமி இன்னைக்குப் புது வீட்டுல பால் காச்சறான். கூடப் பொறந்தவ போயி மொதல்ல அடுப்பு பத்த வெச்சுப் பால் பொங்க வெக்கணும், எங்க பக்கத்துல அப்படித்தான். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் வந்துரும், அதுக்குள்ள பொங்கணும். இன்னும் அஞ்சு கிலோமீட்டர். நேரமெல்லாம் இருக்குது, அது ஒண்ணும் பெருசில்ல. கேட்டுக்கு வர்றதுக்கு முன்னால பள்ளிக்கூடத்து மேட்டுல ஏறும்போது எடது சக்கரத்துல டக்குன்னு கேட்டுச்சு. ஒரு சுத்துக்கு ஒரு டக்கு. எட்டு நாளா அது கேக்குது. எட்டு நாளும் பின்னால இருந்தது இட்லி மாவு ட்ரம்மு. இன்னைக்கு இருக்கறது இவ.

பக்கத்துல ஒரு பைக்குக்காரன் ஹெல்மெட்டத் தூக்கிட்டு என் வண்டியவே பாக்கறான். பாக்கறது மட்டுமில்ல, போனை எடுத்துட்டான். எடுத்துக்க, எடுத்துக்க, நீ வாழ்க்கையில ஒரு போல்ட்டு முடுக்கியிருக்க மாட்ட. "ஏனுங்ணா, இது நீங்களே செஞ்சதுங்களா?" இல்ல, மரத்துல காச்சுத் தொங்குச்சு, பறிச்சுட்டு வந்தேன். வாய்விட்டுச் சொல்லல, தலைய மட்டும் ஆட்டுனேன். அடுத்த கேள்வி எனக்குத் தெரியும், மைலேஜ் எவ்வளவு. கேட்டுட்டான். இவனுங்களுக்கு வண்டின்னா அது ஒண்ணுதான். எத்தன பேரிங் போட்டிருக்குது, சட்டத்துல எந்த மூலைக்குத் தாங்கு குடுத்திருக்குது, முன்சக்கரம் எத்தன சாய்வுல நிக்குது, இதையெல்லாம் ஒருத்தன், ஒரே ஒருத்தன், மூணு வருசத்துல கேட்டதில்ல. போலீஸ்காரன் கேப்பான், இது என்ன கணக்குல ரோட்டுல ஓடுதுன்னு. ஸ்கூட்டரோட புக்கை எடுத்துக் காட்டுவேன். ஸ்கூட்டருக்கு ரெண்டு சக்கரம்தானய்யாம்பான். இதுக்கு ஒண்ணு கூடுதலா இருக்குது, கொறைச்சலாவா இருக்குதும்பேன். போய்த் தொலைன்னு விட்டுருவான். அதுக்கு மேல ரோசன பண்ற தெம்பு அவனுக்கு இல்ல. புதுசா வருதே பேட்டரி ஆட்டோ, அதைப் பாக்கணும், தகரத்த மடிச்சு மடிச்சுச் செஞ்சிருக்கறான், ஒரு பள்ளத்துல எறங்குனா பெட்டி மொத்தமும் நடுங்குது. என் வண்டியில ஒரு தகரம் நடுங்காது. மில்லு ஒர்க்‌ஷாப்புல முப்பத்தியொரு வருசம் லேத்துல டர்னரா இருந்தவன் செஞ்ச வண்டி. உக்கடத்துல பழைய சாமான் கடையில கெடந்த ஸ்கூட்டரு, முன்பாதியும் இஞ்சினும் மட்டும் அதோடது. பின்னால இருக்கற ஒவ்வொரு துண்டும் நான் அளந்து, நான் அறுத்து, நான் கடைஞ்சது. கூரை மட்டும் ஒரு நகைக்கடை பிளெக்ஸு, அதுல பாதி மூஞ்சியோட ஒரு பொம்பள சிரிச்சுட்டே இருப்பா. இப்பவும் ருக்குமணி தலைக்கு மேல அவதான் சிரிக்கறா. ருக்குமணி சிரிக்கல.

அவ எதுக்குச் சிரிக்கப் போறா. முந்தானையால மூக்கப் பொத்தியிருக்கா, கண்ணாடியில தெரியுது. புகை. ரெண்டு ஸ்ட்ரோக் இஞ்சின்னா புகை வரத்தான் செய்யும், பெட்ரோலுக்கு ஆயில் எத்தனன்னு மருந்து மூடியில அளந்து ஊத்தறவன் நான், அடுத்தவன் வண்டி புகையில இது பாதிகூட இல்ல. ஞாயித்துக்கிழமை ஆனா இந்த வண்டிக்கு முன்னால உக்காந்துருவேன். செயினக் கழட்டி மண்ணெண்ணெயில ஊறப் போட்டு, பிரேக் கட்டையச் சுரண்டி, மூணு டயரையும் மாத்தி மாத்திப் போட்டு, கிரீஸ் அடிச்சு எந்திரிக்க மத்தியானம் ஆயிரும். அவ அந்தப் பக்கம் போவா, இந்தப் பக்கம் வருவா, ஒரு வார்த்தை கேக்கமாட்டா. சோறு ஆறுதுங்கம்பா, அவ்வளவுதான். இத்தனைக்கும் அவ மாவுக்காகத்தான் இந்த வண்டியே. வீட்டுல ரெண்டு கிரைண்டர் போட்டு ஆட்டி, அறுபது கிலோ இட்லி மாவ ட்ரம்முல ஊத்தி மூடி வெப்பா, நான் ஒன்பது கடைக்குக் கொண்டு போயிப் போடுவேன். மூணு வருசமா ஒரு நாளு இந்த வண்டியில அவ உக்காந்ததில்ல. கோயிலுக்குப் போனா பஸ்சு, ஆஸ்பத்திரிக்குப் போனா பஸ்சு. பக்கத்து வீட்டுக்காரி ஸ்கூட்டியில தொத்திட்டுப் போவா, இதுல ஏறமாட்டா. தம்பி பேச்சுக் கேட்டு அவளுக்கும் எளக்காரம். தம்பின்னா அவளுக்கு உசுரு, தம்பி வாயில இருந்து வர்றதெல்லாம் வேதம்.

முன்னால பைக்குக்காரனுங்க நகர்றானுங்க. ரயிலே வரல, எங்கடா நகர்றீங்க, கம்பத்துக்குக் கீழ மூக்க நீட்டிட்டு நிக்கறதுல என்ன கண்டீங்க. பின்னால இருக்கறவன் ஹாரன் அடிக்கறான். அவன் ஹாரன்ல கம்பம் தூக்கிக்குமாக்கும். சரி, நகர்த்தறேன். கிளட்ச விட்டேன். ஒரு சுத்து. டக்கு. ருக்குமணி சொம்ப மாத்திப் பிடிக்கறா. கேட்டிருக்குமா. கேட்டிருக்காது, அவளுக்கு என்ன தெரியும், செயின் சத்தம்னு நெனச்சிருப்பா. செயினா இருந்தா இப்படிக் கேக்காது, செயின் பல்லுக்குப் பல்லு கேக்கும். பேரிங்கா இருந்தா உறுமும். இது ஒரு சுத்துக்கு ஒண்ணு, அதுவும் இஞ்சின் இழுக்கும்போது மட்டும், கிளட்சப் பிடிச்சு உருட்டுனா வாய மூடிக்குது. எனக்குத் தெரியாதா இது என்னன்னு. எட்டு நாளா தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி மூஞ்சிய வெச்சுட்டு, டயருல கல்லு சிக்கியிருக்கும்னு குனிஞ்சு குனிஞ்சு பாக்கறேன். யாருக்குக் காட்டறதுக்கு இந்த நடிப்பு. ஒரு ஆளும் பாக்கல, நான் மட்டும்தான் எனக்கு நடிச்சுக் காட்டிக்கறேன், கெரகம்.

ஆறுச்சாமி அன்னைக்கு வந்து நின்னான். அச்ச மாட்டி வண்டிய மொத மொதல்ல நிறுத்தி வெச்சிருந்த நாளு. வெள்ளைச் சட்டை, பாக்கெட்டுல ரெண்டு பேனா, பட்டறை மொதலாளியாம். லேத்து நாலு, ஸ்லாட்டிங் மிசின் ஒண்ணு, அதுக்கு இத்தன பவுசு. என் வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தான். சட்டம் நல்லா இருக்குதுங்க மச்சான்னான். பேரிங் நல்லா இருக்குதுங்கன்னான். எடது சக்கரத்துக்கிட்ட உக்காந்தான். இஞ்சின் இழுவை மொத்தமும் அந்த ஒரு சக்கரத்துக்குத்தான் போகுது, அச்சுல மாட்டியிருக்கற ஹப்பு, அதுமேல சக்கரம். உக்காந்து விரலால தடவிப் பாத்துட்டு, "கீ போடாம விட்டுட்டீங்களா மச்சான்?"னான். கீன்னா ஒண்ணுமில்ல, விரல் நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டு. அச்சுலயும் ஹப்புலயும் பள்ளமா ஒரு காடி வெட்டி நடுவுல அதைச் செருகிட்டா ரெண்டும் சேந்து சுத்தும், ஒண்ண விட்டு ஒண்ணு வழுக்காது. நான் போடல. ஹப்போட ஓட்டைய அச்ச விட ஒரு முடிக்கனம் சின்னதாக் கடைஞ்சு, கரி அடுப்புல பழுக்கக் காச்சி, அச்சுல ஏத்தி ஆறவிட்டேன். ஆறுனா அது சுருங்கிக் கவ்விக்கும், சுத்தியால அடிச்சாலும் வராது. அளவு தெரிஞ்சவன் வேலை அது. அப்பச் சொன்னேன், அங்க அவன் பட்டறை ஆளுங்க ரெண்டு பேரு நிக்கறாங்க, ருக்குமணி காப்பித் தட்டோட நிக்கறா, சொன்னேன்: "அளவெடுக்கத் தெரியாதவனுக்குத்தான் மாப்ள கீ." அவன் சிரிச்சான். சிரிச்சுட்டு, சரிங்க மச்சான்னு எந்திரிச்சுக் காப்பியக் குடிச்சுட்டுப் போயிட்டான். பட்டறை ஆளுங்க சிரிக்கல. நல்ல பதில்னு அன்னைக்கெல்லாம் எனக்கு ஒரே குஷி, ராத்திரி சோறு ரெண்டு கரண்டி சேத்துச் சாப்பிட்டேன்.

ஒரே மாசம். அறுபது கிலோ மாவோட இதே பள்ளிக்கூடத்து மேட்டுல, இஞ்சின் உறுமுது, செயின் ஓடுது, அச்சு சுத்துது, சக்கரம் நிக்குது. வழுக்கிருச்சு. என் அளவு வழுக்கிருச்சு. அன்னைக்கே கழட்டிக் கொண்டு போயிக் காடி வெட்டியிருக்கணும். எங்க கொண்டு போறது. கணபதி ஏரியாவுல தெருவுக்கு நாலு பேரு மிசின் வெச்சிருக்கறான், எல்லாம் ஆறுச்சாமி கூட்டாளிங்க. எவன்கிட்டக் கொண்டு போனாலும் சாயங்காலத்துக்குள்ள அவன் காதுக்குப் போயிரும், உங்க மச்சான் கீ வெட்ட வந்தாருங்கன்னு. அப்ப அவன் மறுபடி சிரிப்பான், அதே சிரிப்பு. அதனால நான் என்ன பண்ணுனேன். ருக்குமணி கோயிலுக்குப் போன நேரமாப் பாத்து ஒரு வெல்டிங் மிசின வாங்கிட்டு வந்து, ஹப்பையும் அச்சையும் சேத்து உருக்கி ஒட்டி ஒரு பத்து வெச்சு விட்டேன். பொட்டு வெச்ச மாதிரி நாலு எடத்துல இல்ல, சுத்தி முழுசா. அச்சு போடற இரும்புல அப்படியே பத்து வெக்கக் கூடாது. சூடு பட்ட ஓரத்துல இரும்பு கெட்டியாகி, கண்ணாடி மாதிரி ஆயிரும், அங்கதான் விரிசல் விடும். மில்லுல எத்தன பேர இதுக்கே திட்டியிருக்கேன், இரும்பு தெரியாதவனெல்லாம் கையுறை மாட்டிட்டு வந்துட்டான்னு. தெரிஞ்சே பத்து வெச்சேன். மேல கருப்புப் பெயிண்டு அடிச்சேன். பெயிண்டு நல்லா அடிப்பேன் நான், கண்டுபிடிக்கவே முடியாது.

சட்டைப் பையில ஒரு சாக்பீஸ் இருக்குது. எட்டு நாளா இருக்குது. துவைக்கற சட்டையில இருந்து எடுத்து அடுத்த சட்டையில போட்டுக்கறேன், ஆனா எதுக்குன்னு என்னையே நான் கேக்கறதில்ல. விரிசல் இருக்குதான்னு பாக்க அஞ்சு நிமிசம் போதும். பெயிண்டச் சுரண்டி, ஆயில் கலந்த பெட்ரோலத் தடவி, ஊறவிட்டு, சுத்தமாத் துடைச்சு, சாக்பீஸத் தேச்சு விட்டா வெள்ளையா இருக்கும். விரிசல் இருந்தா உள்ள போன எண்ணெய் கசிஞ்சு வெள்ளையில கோடா எந்திரிக்கும். இல்லைன்னா வெள்ளை வெள்ளையாவே இருக்கும். அவ்வளவுதான். அதைப் பண்ணிட்டா தெரிஞ்சு போயிரும். தெரிஞ்சு போயிட்டா வண்டிய நிறுத்தணும், நிறுத்துனா மாவு போகாது, மாவு போகலைன்னா ஏன்னு கேப்பா, ஏன்னு கேட்டா அந்த வார்த்தை வரைக்கும் திரும்பிப் போகணும், அளவெடுக்கத் தெரியாதவனுக்குத்தான் கீ. தெரியாம இருக்கற வரைக்கும் அது வெறும் சத்தம். சத்தத்துக்கெல்லாம் பயந்தா ரோட்டுல ஒரு வண்டி ஓடாது. இந்தா நிக்கறானே காலேஜ் பஸ்சு, அது போடாத சத்தமா. அதுக்குள்ள அம்பது பிள்ளைங்க உக்காந்து பாட்டுக் கேட்டுட்டிருக்குதுக.

"அக்கா." வலதுபக்கம் ஒரு சாம்பல் காரு, கண்ணாடி எறங்குது. கஸ்தூரி. ஆறுச்சாமி பொண்டாட்டிக்குத் தங்கச்சி. கழுத்துல எத்தன போட முடியுமோ அத்தனையும் போட்டிருக்கா. அவ வீட்டுக்காரன் ஸ்டீரிங்கப் பிடிச்சுட்டு நேராப் பாத்துட்டிருக்கான், என்னப் பாத்தா எங்க வாங்கன்னு சொல்ல வேண்டி வந்துருமோன்னு. "இதுலயா வர்றீங்க? வாங்கக்கா, ஏசி போட்டிருக்குது, பின்னால சும்மாதான் கெடக்குது." இதுலயான்னு கேக்கறா. இதுலயா. அந்த ஒரு 'யா'வுக்கே இவளக் கேட்டுல கட்டிப் போடலாம். மாமா பின்னாலயே வரட்டுங்கறா, என்னமோ நான் சாமான் வண்டிக்காரன். சரிதான், போய்த் தொலையட்டும், ருக்குமணி ஏறிக்குவா, சந்தோசமா ஏறிக்குவா, மூக்கப் பொத்த வேண்டியதில்ல. ஏறிக்கட்டும். ஏறிட்டா நான் தனியாப் போவேன், கேட்டுக்கு அந்தப் பக்கம் கொளத்து எறக்கத்துல என்ன ஆனாலும் எனக்குத்தான். நாக்கு நுனியில வந்துருச்சு, போன்னு. சொல்லல. கஸ்தூரி முன்னால, அந்த 'யா'வுக்கு அப்பறம், என் வாயால என் வண்டிய விட்டு எறங்குன்னு எப்படிச் சொல்றது. அதுக்குள்ள ருக்குமணி சொல்லிட்டா. "இல்ல கஸ்தூரி, நீங்க போங்க. நாங்க எங்க வண்டியிலயே வந்தர்றோம்." எங்க வண்டிங்கறா. கண்ணாடி ஏறிக்கிச்சு.

எங்க வண்டி. எப்ப இருந்து. நான் திரும்பாமலே கேட்டேன், "ஏம்புள்ள, ஏறிக்க வேண்டியதுதான, சொகுசாப் போயிருக்கலாம்." வேணும்னேதான் கேட்டேன், கொஞ்சம் குத்தலாவே. "தம்பி நேத்தே போன் பண்ணுனான், காரு அனுப்பறேன்னு. வேண்டாம்னுட்டேனுங்க. எங்களுக்கு வண்டி இருக்குதுன்னேன்." "மூணு வருசமா தெரியலையா வண்டி இருக்கறது." சொம்ப மடியில நேரா வெச்சா. அப்பறம் சொன்னா, "நீங்க ஒருநாளு உக்காருன்னு சொல்லீருக்கீங்களா? ட்ரம்ம ஏத்துவீங்க, மூடி சரியா இருக்குதான்னு பாப்பீங்க, போயிருவீங்க. பொம்பளைய ஏத்தற வண்டியில்ல போலருக்குதுன்னு நெனச்சுட்டேன். காலையில நானாத்தான் ஏறி உக்காந்தேன்." ஆமா. நான் சொல்லல. ஒரு தடவைகூடச் சொல்லல. அவளாக் கேக்கட்டும்னு இருந்தேன். எப்படீங்க செஞ்சீங்க இதன்னு அவ வாயத் தொறக்கற அன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். மூணு வருசம் ரெண்டு பேரும் ஒரே வாசல்ல ஆளுக்கொரு பக்கமா நின்னுருக்கோம், நான் அவ மூஞ்சியில எளக்காரத்தத் தேடித் தேடிப் பாத்துட்டிருந்திருக்கேன்.

ரயில் சத்தம் கேக்குது. வரட்டும். தாண்டுனதும் கம்பம் ஏறும், ஏறுனதும் இந்த மொத்தக் கூட்டமும் முட்டிட்டுப் பாயும், தண்டவாளத்துல மூணு சக்கரமும் ஏறி எறங்கும், அது ஒரு குலுக்கு. அப்பறம் கொளத்துக்கு எறக்கம். எடதுபக்கம் கைப்பிடிச் செவுரு கெடையாது, போன மழையில போனது இன்னும் கட்டல, கட்டமாட்டானுங்க. எறக்கத்துல வேகம் பிடிக்கும், திருப்பத்துல பாரம் எடதுபக்கம் சாயும், பின்னால தண்ணி லாரி. ருக்குமணி உக்காந்திருக்கறது எடதுபக்கம். மாவுன்னா நடுவுல வெப்பேன். இவ எடதுபக்கம்தான் உக்காந்திருக்கா, சரியா அந்தச் சக்கரத்துக்கு மேல, சொம்ப ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு, பிடிச்சுக்க ஒரு கம்பி கிம்பி வேணும்னுகூடக் கேக்காம. போயிரும். எட்டு நாள் தாங்குனது இன்னும் அஞ்சு கிலோமீட்டர் தாங்காதா. தாங்கும். மெதுவாப் போனா தாங்கும். மெதுவாப் போக லாரிக்காரன் விடணும். எட்டு நாள் தாங்குனதுதான் பயமே, எத்தன சுத்து சுத்தியிருக்கும். போறேன், அவன் வீட்டு வாசல்ல கொண்டு போயி நிறுத்தறேன், அத்தன ஒரம்பரை சனமும் பாக்கட்டும், கஸ்தூரி பாக்கட்டும். நிறுத்திட்டு நாளைக்குப் பாத்துக்கலாம். நாளைக்குன்னு எட்டு நாளாச் சொல்லிட்டிருக்கறவன் எவன்.

ரயில் போகுது, கூட்ஸு, பெட்டி பெட்டியாப் போயிட்டே இருக்குது. அது முடிஞ்சும் கம்பம் ஏறல. எதுத்தாப்புல இன்னொண்ணு வருதாமா. அத்தன பேரும் கேட்மேன வையறானுங்க. நான் இஞ்சின நிறுத்திட்டேன். எப்ப நிறுத்துனேன்னு தெரியல, கை தானாப் போயி நிறுத்திருச்சு. எறங்கி, சீட்டுக்குக் கீழ இருந்து துணியும் ராவற கத்தியும் எடுத்துட்டு, ரோட்டுல படுத்தேன், இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டியோட. பைக்குக்காரன் மறுபடி போனத் தூக்கறான். ருக்குமணி "ஏனுங்"ங்கறா. ஒண்ணுமில்ல, உக்காருன்னேன். பெயிண்டச் சுரண்டுனேன். நல்லா அடிச்சிருக்கேன், சனியன், வரமாட்டேங்குது. டியூப்புல இருந்து பெட்ரோல நாலு சொட்டு துணியில எடுத்துத் தடவுனேன். ஊறணும். ரோட்டுத் தாரு முதுகச் சுடுது, ஒரு கல்லு தோள்ல குத்துது, சுத்தியும் செருப்புக் காலுங்க, ஒருத்தன் காலு பக்கத்துல எச்சி துப்பறான். தொடச்சேன். பையில இருந்து சாக்பீஸ எடுத்துச் சுத்தித் தேச்சேன். வெள்ளை. சுத்தமான வெள்ளை. ஒண்ணுமில்ல பாரு, ஒண்ணுமேயில்ல, வெறும் கல்லுதான், டயருல கல்லு, வீணா வேட்டிய அழுக்காக்கிட்டேன். எந்திரிக்கலாம்னு முழங்கைய ஊணுனேன். அப்ப வந்துச்சு. பத்து வெச்ச எடத்துக்கு ஓரமா மொதல்ல ஒரு புள்ளி, அப்பறம் அது நீண்டுச்சு. தலைமுடிக் கனம். தலைய நகர்த்தி நகர்த்திச் சுத்திப் பாத்தேன், கோடு கூடவே வருது. கால் வட்டம், அரை வட்டம், முக்கா வட்டம். முக்காலுக்கு மேல. மீதி இருக்கற அந்தத் துண்டு இரும்புலதான் அவ உக்காந்திருக்கா. இப்படி அழகா ஒரு கோடு எவன் வேலையிலயும் நான் பாத்ததில்ல.

எந்திரிச்சேன். ரெண்டாவது ரயில் தாண்டிட்டிருக்குது. "ருக்கு, எறங்கு." "கேட்டுத் தொறக்கப் போறாங்கங்க." "எறங்குன்னா எறங்கு. கஸ்தூரி கார்ல போயி ஏறு. நேரம் ஆகுது." அவ என் மூஞ்சியப் பாத்தா, வேட்டியப் பாத்தா, கையில இருக்கற சாக்பீஸப் பாத்தா. "அந்தச் சத்தமுங்களா?" "உனக்குக் கேட்டுச்சா?" "நாலஞ்சு நாளாக் கேக்குதுங்களே. நீங்க வண்டிய வாசல்ல ஏத்தையில, ஒரு டக்கு, ஒரு டக்குன்னு." "கேட்டுட்டேதான் ஏறி உக்காந்தியா?" அவளுக்குக் கேள்வியே புரியல. "உங்களுக்குத் தெரியாத சத்தமுங்களா? பாத்து வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்." சொல்லிட்டு சொம்ப என் கையில குடுத்து, தோளப் பிடிச்சுட்டு எறங்குனா. தட்ட எடுத்துக்கிட்டா. நான் சொம்போட காரு வரைக்கும் போனேன். கஸ்தூரி கதவத் தொறந்தா, என்னாச்சுங்க மாமான்னா. அச்சு விரிசல் விட்டிருச்சுன்னேன். எப்படிங்கன்னா. நான் பத்து வெச்சது தப்புன்னேன். அவளுக்கு என்ன புரிஞ்சிருக்கும், ஒண்ணும் புரிஞ்சிருக்காது, ஆனா சொல்லிட்டேன். ருக்குமணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து, நீங்க சாப்பிடாம இருக்கீங்கன்னா. கம்பம் ஏறிருச்சு.

பின்னால அத்தன ஹாரனும் ஒண்ணா அடிக்குது. "யோவ் பெருசு, அந்த ஓட்டைய ஓரங்கட்டுய்யா"ன்னு லாரியில இருந்து கத்தறான். ஓட்டை. சரி, ஓட்டைதான். ஹேண்டிலப் பிடிச்சுத் தள்ளுனேன், நகரல, ரோட்டோரம் ஏத்தமா இருக்குது. யாரோ பின்னால கை குடுக்கறான். திரும்பிப் பாத்தா அந்த மைலேஜுக்காரன், பைக்க நிறுத்திட்டு வந்து தள்ளறான். இவனக் கொறை சொல்ல எனக்கு ஒண்ணும் அகப்படல, தேடித்தான் பாத்தேன், செருப்பு மட்டும் சரியில்ல, அதுல ஒரு வாரு அந்துருக்குது. ஓரமா நிறுத்துனதும் என்னாச்சுங்ணான்னு கேட்டான். கீ போடலைன்னேன். அப்படின்னா என்னங்கன்னான். சொன்னேன். கைய வெச்சுக் காட்டிச் சொன்னேன், அச்சு இது, ஹப்பு இது, நடுவுல ஒரு துண்டுன்னு. அட, சின்ன விசயந்தானுங்களேன்னான். ஆமா, சின்ன விசயந்தான். அவனும் போயிட்டான். கூட்டம் மொத்தமும் போயிருச்சு. கொளத்து எறக்கத்துல அந்தச் சாம்பல் காரு சின்னதாத் தெரியுது, திருப்பத்துல மெதுவாத் திரும்புது, அப்பறம் தெரியல.

போன எடுத்தேன். அவன் பேரு எங்கயோ கீழ கெடக்குது, நான் கூப்பிட்டதே இல்ல, அவ போன்லதான் பேசுவான். ரெண்டு ரிங்குல எடுத்துட்டான். பின்னால நாதஸ்வரம், எவனோ தேங்கா எங்கன்னு கத்தறான். "சொல்லுங்க மச்சான், எங்க வந்துட்டிருக்கீங்க?" "உங்கக்கா கஸ்தூரி கார்ல வர்றா. பத்தேகாலுக்குள்ள வந்துருவா. நேரத்துக்கு அடுப்பு பத்த வெக்கச் சொல்லு." "நீங்க வரலீங்களா?" கேட்மேன் கொடியச் சுருட்டிட்டு என்னயே பாக்கறான். "உன் பட்டறையில அந்தக் காடி வெட்டற மிசின் இருக்குதல்ல." "இருக்குதுங்க." "எடது சக்கரத்துக்குப் புதுசா ஒரு அச்சு போடணும். கடையறத நான் கடைஞ்சுக்குவேன். கீ மட்டும் நீ வெட்டிக் குடு." நாதஸ்வரம் மட்டும் கேக்குது. சிரிக்கறானான்னு காதக் குடுத்துக் கேட்டேன், உன்னிப்பா, எட்டு நாளா அந்தச் சக்கரத்துக்குக் காது குடுத்த மாதிரி. சிரிப்பு இல்ல. "இன்னைக்குப் பட்டறை லீவுங்களே மச்சான், பூட்டியிருக்குது. ஆளுங்கெல்லாம் இங்கதான் இருக்கறாங்க." "தெரியும் மாப்ள. நான் தள்ளிட்டுத்தான் வரணும், மத்தியானம் ஆயிரும். பட்டறை வாசல்ல உக்காந்திருக்கறேன்."